ரப்பர் சுற்றாத சக்கரம்

மேற்குத் தாம்பரம்
2-8-1968

அன்புள்ள சாராளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். திருச்சியில், மிஷன் தொழில் இல்லத்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். நீ போய் ஆறு வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததாக ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

கடை நடக்கிறது. முடிச்சூர் ரோட்டில் புது வீடுகள் எழும்புவதால் ஆணியும் கீலும் நன்றாகப் போகின்றன. உன் தங்கை மெட்டில்டாவுக்குச் செப்டம்பர் கடைசியில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை தாவீது தங்கமான பையன். உன் அம்மாவுக்கு மூட்டுவலி. என்னோடு பேச்சும் குறைந்துவிட்டது.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். பம்மல் பக்கம் கல் குவாரியில் வேலை செய்த முனிரத்தினம் என்பவர்மேல் பாறை சரிந்து இரண்டு காலும் போய்விட்டன. அவர் மனைவி அங்காளம்மாள் போன வாரம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, உங்க பெரிய பொண்ணு ஒரு பலகை வண்டில குந்திக்கினு சர்ச்சுக்கு வருமே, அத்த மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு. எங்க ஊட்டுக்காரரு வெச்ச எடத்துலயே கீறாரு" என்றாள். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

செய்து பார்த்தும்விட்டேன். வரவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, லாரி ஷெட்டில் கழித்துப்போட்ட பேரிங்குகளை நாலு மூலையிலும் மாட்டினேன். வண்டி இடது பக்கமே இழுக்கிறது. மூன்று முறை பிரித்துப் பூட்டியாயிற்று. இருபத்திரண்டு வருஷமாக இரும்புச் சாமான் விற்கிறவனுக்கு ஒரு சாமானைச் செய்யத் தெரியவில்லை. நீ பதினாலு வயதில் அடுப்படித் தரையில் உட்கார்ந்தபடி செய்து முடித்தாய். ஆகவே அளவும் செய்முறையும் எழுதி அனுப்பவும். பதில் கவர் உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சா. ஏசுதாசன்
(முத்திரை: ஏசுதாசன் அயர்ன் ஸ்டோர்ஸ், மேற்குத் தாம்பரம்)


மேற்குத் தாம்பரம்
26-8-1968

என் மூத்த மகள் சாராளுக்கு,

கர்த்தர் உன்னோடு இருக்கும்படி வேண்டிக்கொண்டு அப்பா எழுதுகிறேன். நேற்றும் முந்தாநாளும் எழுதியவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நீ அனுப்பிய கவர் வந்து பத்து நாளாகிறது. உள்ளே ஒரே ஒரு தாள். வண்டியின் படம், பலகையின் நீள அகலம், சாமான் பட்டியல், செய்முறை. அப்பா என்று ஒரு சொல் இல்லை. அடியில் உன் பெயரும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. கடை முத்திரை குத்தி வந்த கடிதத்துக்கு வேறு எப்படிப் பதில் எழுதுவாய்?

உன் தாளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். முன் அச்சுக்கட்டையை ஒரே ஆணியில் மாட்டித் திரும்பும்படி விட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதுதான் என் தப்பு; நான் நாலு ஆணி அடித்து இறுக்கியிருந்தேன். எல்லாம் சரியாக வந்தது. கடைசி வரியில்தான் நின்றுவிட்டேன். "சக்கரத்துக்கு ரப்பர் சுற்ற வேண்டாம். சத்தம் குறையும், ஆனால் தள்ளுகிறவருக்குத் தோள் போய்விடும்."

பேரிங்குக்கு யார் ரப்பர் சுற்றப்போகிறார்கள்? எதற்காக இதை மெனக்கெட்டு எழுதினாள் என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் வண்டி பரணில்தான் இருந்தது. முதலிலேயே அதை இறக்கி அளவெடுத்திருக்கலாம். உனக்குக் கடிதம் எழுதவே தேவைப்பட்டிருக்காது. ஏணியை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, உன் அம்மாவும் மெட்டில்டாவும் சர்ச்சிலிருந்து திரும்புவதற்குள் நான் மட்டும் சீக்கிரம் வந்து பரணில் ஏறினேன்.

சக்கரத்தைப் புரட்டிப் பார்த்தேன். சைக்கிள் டியூபை வளையல் வளையலாக வெட்டி, இழுத்து மாட்டி, பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டியிருக்கிறாய். பேனாக்கத்தியால் உரித்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து. அடியில் சிவப்பு டியூப், அதற்குமேல் கறுப்பு, அதற்குமேல் மறுபடி சிவப்பு. தேயத் தேயப் புதிதாகப் போட்டிருக்கிறாய்.

அப்போது ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், பாரிமுனையிலிருந்து மொத்த வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தார். நீ பின்கட்டில் கடகடவென்று உருட்டிக்கொண்டு போனாய். அவர், "உள்ளே என்ன மெஷின் ஓடுது?" என்று கேட்டார். மாவு மில் பக்கத்தில் இருக்கிறது என்றேன். அவர் போனதும் உன்னிடம், ஆள் வந்திருக்கும்போது அந்தச் சத்தம் வேண்டாம் என்று சொன்னேன். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொன்னதையே பெரிய தயவாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சத்தம் கேட்கவே இல்லை. "பார்த்தாயா ஞானம், காது பழகிப்போச்சு" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் புரிகிறது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சாமானை ஓட்டிப் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை நான். கதவைச் சாத்திவிட்டு நானே உன் வண்டியில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன் என்பதையும் எழுத வேண்டும். அங்கேயும் எனக்கு வெட்கம். ரப்பர் இருந்த வரையில் வாசல் நடையிலிருந்து அடுப்படிக்குப் போகப் பதினோரு தள்ளு. ரப்பரை எல்லாம் உரித்துவிட்டு மறுபடி தள்ளினேன். நாலே தள்ளு. ஒவ்வொரு நடைக்கும் ஏழு தள்ளு நீ அதிகம் தள்ளியிருக்கிறாய். நான் ஆட்கள் முன்னால் முகம் சுளிக்காமல் இருப்பதற்காக, மூன்று வருஷம்.

உன் அம்மா வந்து கதவைத் தட்டும்போது நான் அடுப்படியில் அந்தப் பலகைமேலேதான் இருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. தோள் வலிக்கிறது என்று சொன்னேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் கூடுவாஞ்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்த நாளில், காலையிலேயே உன் வண்டியைப் பரணில் தூக்கிப் போட்டேன். எண்ணெய் விட வேண்டும் என்று உன்னிடம் சொன்னேன். எண்ணெய் விடப் பரண் எதற்கு என்று நீ கேட்கவில்லை. சாமான் அறையில் பாயில் உட்கார்ந்துகொண்டாய். கடைக்கு வரும் பெயிண்ட் ஏஜெண்ட் மூலமாக வந்த சம்பந்தம். அவர் நம் வீட்டைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒரே மகள் என்றேன். மூத்தவளுக்கு ஆகாமல் இளையவளுக்குச் செய்கிறோமே, அதைப் பற்றிப் பேச்சு வருமே என்று நினைத்தேன். வியாபாரத்தில் சொல்வது போல ஒரு வார்த்தை, அப்புறம் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

அது ஜெபத்தில் போய் நிற்கும் என்று நினைக்கவில்லை. புறப்படும்போது மாப்பிள்ளையின் மாமா, அவர்கள் சர்ச்சில் உபதேசியாராக இருக்கும் வேதசிரோமணி, எல்லோரையும் முழங்காலில் நிற்கச் சொன்னார். "இந்தத் தம்பதிக்கு நீர் ஒரே பிள்ளையாகக் கொடுத்த மெட்டில்டாவுக்காக ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னார். நான் ஆமென் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பற்றி அவளே உனக்கு எழுதுவாள். அன்று முழங்காலில் நின்றவர்களில் ஆமென் சொல்லாதவள் உன் அம்மா ஒருத்திதான்.

அவர்கள் போனதும் நீ கையை ஊன்றி நகர்ந்து வந்து, "அப்பா, வண்டியை இறக்கிக் கொடுங்க" என்று மட்டும் கேட்டாய். நீயே திருச்சிக்கு எழுதிப்போட்டு, இடம் கிடைத்து, புறப்பட்ட அன்று, வண்டியை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். "நீங்களே பரண்ல வையுங்கப்பா. எங்க வைக்கிறதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாய். அடித்திருந்தால் தேவலை.

வண்டியைச் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். நாலு அளவு ஆணியும் கலந்துபோனால் பிரிப்பதற்கு, பவுடர் டின்னில் ஓட்டை போட்டு ஒரு சல்லடை செய்து கொடுத்தாயே, அது இன்றும் கல்லாப் பக்கத்தில்தான் இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் சைனா பஜாரில் வாங்கியது என்று சொல்லியிருக்கிறேன். உயரத்திலிருக்கும் பூட்டை எடுக்க, குடைக்கம்பியை வளைத்து மூங்கிலில் கட்டினாயே, அந்தக் கொக்கிக்கும் அதே பதில். தலைச்சுமையாக ஆணி விற்று மேலே வந்தவன், வீட்டில் ஓட்டை டின்னும் பெட்டிப் பலகையும் இருக்கிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றே இருந்துவிட்டேன். போன வாரம் முனிசிபாலிட்டி கிளார்க் ஒருவர் சல்லடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். என் மூத்த மகள் செய்தது என்றேன். "உங்களுக்கு மூத்த மகள் இருக்கா?" என்றார் அவர். நாலு வருஷமாக நம் கடைக்கு வருகிறவர்.

ரப்பரை உரித்த மறுநாள் காலை கூடுவாஞ்சேரிக்குப் போனேன். அடுத்த மாதம் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கும்போது யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் முன்பே இருந்தது. ஆனால் பயத்தில் கால் எழும்பவில்லை. அந்த ரப்பரைப் பார்த்த பிறகுதான் எழும்பியது. திண்டாடித் திண்டாடிச் சொல்லி முடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "நாங்க ஒத்தப் பிள்ளைன்னு சொல்லிட்டு இன்னொருத்தனை உள்ளே உட்கார வெச்சிருந்தா, நீங்க சும்மா போவீங்களா சம்பந்தி?" என்று கேட்டாள். உபதேசியார்தான் அதிகம் நொந்துபோனார். "ஜெபத்திலே பொய் சொல்ல வெச்சுட்டீங்களே. நான் யார்கிட்டே பேசினேன்னு நினைச்சீங்க? உங்ககிட்டேயா?" என்றார்.   தாவீது என்னைப் பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுவந்து விட்டான். "கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆகாது மாமா. நீங்க அக்காகிட்டே பேசுங்க" என்றான்.

ஆகவே இனி உன்னை நான் வரச் சொல்லப்போவது கல்யாணம் நின்றுவிடும் என்பதற்காக அல்ல. அது நடக்கும். அதை நீ தெளிவாகத் தெரிந்துகொள்.

முனிரத்தினத்துக்கு வண்டியை வியாழக்கிழமை கொடுத்தேன். ரப்பர் இல்லாமல். ஒரே தள்ளில் தெருக்கோடி வரை போய்விட்டார். "யம்மாடி, ஆனை கெளம்புன மாறி இன்னா சத்தம்!" என்று பக்கத்து வீட்டுக்காரி காதைப் பொத்தினாள். எனக்கு வழக்கம்போல உடம்பு கூசியது. ஏதாவது துணி சுற்றலாமா என்று அங்காளம்மாளிடம் கேட்டே விட்டேன். அவள், "நீ ஒண்ணு அண்ணாச்சி! நாலு மாசமா வூடு சத்தமே இல்லாம கெடந்துச்சு. இப்பத்தான் அவரு எங்க கீறாருன்னு எனக்குத் தெரியுது" என்று சொல்லிச் சிரித்தாள், அழுதாள். யார் செய்தது என்று கேட்டார்கள். செய்தவள் திருச்சியில் இருக்கிறாள், நான் ஆணி அடித்தவன் என்றேன்.

செப்டம்பர் 7, சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் நம் வீட்டுக்கு வருகிறார். அன்று செய்த ஜெபத்தை அதே இடத்தில் மறுபடி செய்ய வேண்டும் என்கிறார், நீ எதிரில் இருக்க. மறுநாள் சர்ச்சில் முதல் ஓலை வாசிப்பு. நான் 5-ஆம் தேதி வியாழக்கிழமை உன் வண்டியோடு திருச்சிக்கு வருகிறேன். உங்கள் இல்லத்து வாசலில் நிற்பேன். என்னைப் பார்க்க மனமில்லையென்றால் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பு. வண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். கோபித்துக்கொள்ள மாட்டேன். அதற்கு எனக்கு வாயில்லை.

வந்தாயானால் ஒரே ஒரு வேண்டுகோள். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஜட்கா பிடிக்க வேண்டாம். மார்க்கெட் வழியாக, கடைகள் எல்லாம் திறந்திருக்கும் நேரத்தில், நீ வண்டியை உருட்டி வா. எல்லாச் சக்கரத்திலும் ரப்பரை எடுத்துவிட்டேன், எண்ணெயும் விட்டிருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே. எத்தனை சத்தம் வருமோ வரட்டும். நான் பக்கத்தில் நடந்து வருகிறேன். யார் இந்தப் பெண் என்று எவராவது கேட்டால், பதில் சொல்ல என்னை விடு அம்மா.

உன் கைகளையும் தோள்களையும் கர்த்தர் பலப்படுத்துவாராக.

உன் அப்பா,
ஏசுதாசன்