ரெண்டு டன் என்று எழுதிய முக்காலிகள்

இன்று காலை உங்கள் மகன் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரண்டு இரும்பு முக்காலிகள். காரைத் தூக்கி நிறுத்துகிற ஸ்டாண்டு. புதுப் பெயிண்ட் வாசனை கூடம் முழுவதும் பரவியது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன்.

"மூணு டன் தாங்கும்மா. நம்ம காரு ஒண்ணேகால் டன்கூட வராது. எதுக்கு இப்படி அலையுறீங்க?" என்றான்.

"மூணு டன்னு போட்டிருக்கானே, அது ஒண்ணுக்கா, ஜோடிக்கா?"

நிமிர்ந்து பார்த்தான். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தான். ஜோடிக்குத்தான். உங்களைவிட மூத்தவனாகிவிட்டான் உங்கள் மகன், தலை முழுக்க நரை. ஆனாலும் இரும்பின் மேல் ஓர் எண்ணைக் கண்டால் அதற்கப்புறம் யோசிப்பதில்லை. அந்த விஷயத்தில் என்னைக் கொண்டிருக்கிறான். நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவள்தானே. என்னை அப்படி நம்பவைத்தவர் நீங்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், இங்கே கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு.

தென்காசி வீட்டில் மாட்டுத் தொழுவத்தைக் காருக்கு ஒழித்துக் கொடுத்தேன் அல்லவா, எழுபதுகளின் கடைசியில்? லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த உங்களுக்குச் சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்று ஆசை. யாரோ ஓட்டித் தேய்த்த கறுப்புக் காரை வாங்கி வந்தீர்கள். சாரல் விழுந்து அருவிச் சீசன் தொடங்கியதும் ஊரிலுள்ள சொந்தமெல்லாம் நம் வீட்டில் வந்து இறங்கும். ஒருத்தர் மடியில் ஒருத்தராக அத்தனை பேரையும் அடைத்துக்கொண்டு ஐந்தருவிக்கும் வீட்டுக்குமாக ஓட்டுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதற்கு அடியில் படுத்துக்கிடப்பீர்கள். கைலியும் இரண்டு பாதமும்தான் வெளியே தெரியும். ஜாக்கியால் தூக்கி, செங்கல்லை அடுக்கி, அதன் மேல் காரை இறக்கிவிட்டு உள்ளே போவது உங்கள் வழக்கம்.

ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்த செங்கல் இரண்டாகப் பிளந்தது. மற்ற கல்லெல்லாம் நின்றதால் நீங்கள் பிழைத்தீர்கள். அன்றிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே வேலை ஓடாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொழுவத்துக்கு ஓடுவேன். பாதம் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் பால் பொங்கி வழிந்திருக்கும். சனிக்கிழமையே தூக்கம் போய்விடும்.

"எவ்வளவு தாங்கும்னு எழுதுன சாமான் வாங்கிட்டு வாங்க. எழுத்தைப் பாக்காம உங்களை உள்ள விடமாட்டேன்" என்றேன்.

"ஏட்டி, லாரியில எழுதியிருக்கது எவ்வளவு, நாங்க ஏத்துதது எவ்வளவு? எழுத்து எப்பவும் கம்மியாத்தான் இருக்கும். இரும்பு அதுக்கு மேலயும் தாங்கும்" என்று சிரித்தீர்கள். லோடு லாரிகளோடு பழகிப் பழகி, எழுதிய எண்ணெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் அடுத்த வாரமே இரண்டு முக்காலிகளைக் கொண்டுவந்து வைத்தீர்கள். பச்சைப் பெயிண்ட், அதன் மேல் வெள்ளையில் பெரிதாக 'ரெண்டு டன்' என்று எழுத்து. "ஜாக்கி தூக்குததுக்கு மட்டுந்தான். தாங்குததுக்கு இது. இப்ப சந்தோசமா?" என்றீர்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி. அன்று பாயாசம் வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு சீசன் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் வாசல் கேட்டின் கீல் விட்டுப்போய் வெல்டிங் பட்டறைக்காரரை வரச்சொல்லியிருந்தீர்கள். அவர் வந்தபோது நீங்கள் அடியில் இருந்தீர்கள். முன் சக்கரங்கள் இரண்டும் கழற்றிக் கிடந்தன. காப்பியை வாங்கிக்கொண்டு அவர் தொழுவத்தை எட்டிப் பார்த்தார்.

"பெயிண்ட் இன்னும் போகல பாத்தீங்களா மதினி!"

"நீங்களா செஞ்சீங்க?"

"நம்ம பட்டறையில கெடந்த ஆங்கிள் இரும்புத் துண்டுதான். எவ்வளவு தாங்கும்னு எனக்கு எங்கன தெரியும்? என்ன நம்பர் போடன்னு கேட்டேன். 'எங்க வீட்ல நிம்மதியா தூங்குத அளவுக்குப் போடு'ன்னாரு அண்ணாச்சி." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தவும் பயம். கத்தினால் பதறி எழுவீர்கள், எதிலாவது இடித்துக்கொள்வீர்கள், கார் ஆடும். எப்போதும்போல, "ஏங்க, காப்பி ஆறுது. வாங்க" என்றேன்.

"இன்னா வாரேன்."

வரவில்லை. ஸ்பானர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சாரலில் தொழுவத்துத் தரை ஊறிப்போய், முக்காலியின் ஒரு கால் மண்ணுக்குள் இறங்கியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டறைக்காரரும் அதைப் பார்த்துவிட்டார். அவர் சிரிப்பும் நின்றது. "ஆறிப்போச்சுன்னா குடிக்க மாட்டீங்கள்ல, வாங்க" என்றேன் மறுபடியும். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஒருவழியாகப் பாதம் நகர்ந்தது, முழங்கால் வந்தது, தலை வந்தது. எழுந்து கையைத் துடைத்தீர்கள்.

நான் காப்பியைத் தரவில்லை. கழற்றிய சக்கரத்தை உருட்டிப்போய் முக்காலிக்குப் பக்கத்தில், காருக்கு அடியில் படுக்கத் தள்ளினேன். எழுந்து வந்து காரின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து ஆட்டினேன். "நல்லா தள்ளு, நல்லா தள்ளு. ரெண்டு டன்லா!" என்று கேலி செய்தீர்கள். மூன்றாவது ஆட்டில் பற்றவைப்பு விட்டுப்போய், முக்காலியின் கால் வெளிப்பக்கமாக விரிந்தது. கார் இறங்கிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. நீங்கள் மல்லாந்து படுத்திருந்த இடம் அது. நெஞ்சு இருந்த இடம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "வெளையாட்டுக்குத்தான் போடச் சொன்னேன், ஏட்டி" என்றீர்கள். உங்கள் உதடு வெளுத்திருந்தது.

அந்தச் சீசன் முழுக்க நான் உங்களோடு பேசவில்லை. விருந்தாளிகளுக்கு இலை போட்டேன், உங்களுக்கும் போட்டேன், அவ்வளவுதான். கடைசியில் ஐந்தருவியில் எல்லாரும் குளிக்கப் போனபின் என் பக்கத்தில் வந்து நின்று, "நீ தூங்கணும்னுதானே செஞ்சேன்" என்றீர்கள். அருவி இரைச்சலில் நானும் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நான் தூங்கணும்னா நீங்க இருக்கணும்." வடைக் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மதுரைக்கு என்னையும் கூட்டிப்போய், எண்ணை இரும்பிலேயே பதித்த ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த எண் ஒன்றுக்கா ஜோடிக்கா என்று கடைக்காரரிடம் கேட்டதும் நீங்கள்தான். ஜோடிக்கு என்றால் ஒன்றுக்குப் பாதிதான் என்று வழியெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டு வந்தீர்கள். மண் தரையில் பலகை போட்டு, அதன் மேல்தான் வைப்பீர்கள். ஆட்டிப் பார்த்த பிறகுதான் படுப்பீர்கள். திருந்திவிட்டார் மனுஷன் என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

சில வருஷம் கழித்து ஒருநாள் நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். "வாய்வுதானாம். டாக்டரே சிரிச்சாரு. போட்டதைப் போட்டபடி கெடக்கட்டும், நீ படு" என்றீர்கள். நான் படுத்தேன். அந்த வருஷமெல்லாம் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். நெஞ்சடைத்து நீங்கள் போனபின் துஷ்டி கேட்க வந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்கே உடனே மதுரைக்குப் போகச் சொன்னேம்மா. சீசன் முடியட்டும்னார். வீட்டுல சொல்லாதீங்க, அவ தூங்க மாட்டான்னார்."

அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை. யாரோடு சண்டை போடுவது? ஐந்தருவியில் அவ்வளவு சத்தமாகச் சொன்னேனே, உங்கள் காதில் விழவே இல்லையா?

கீழே உங்கள் மகன் காரைத் தூக்கி நிறுத்திவிட்டான். ஆட்டிப் பார்க்கச் சொன்னேன், பார்த்தான். இப்போது அடியில் படுத்திருக்கிறான். நானும் இறங்கி வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "எல்லாம் சரியா இருக்கும்மா, நீங்க மேல போய்க் கொஞ்சம் படுங்க" என்று உள்ளிருந்தே சொல்கிறான். உங்கள் குரல் அப்படியே.

போகமாட்டேன். உங்களை நம்பித் தூங்கிய தூக்கமே எனக்குப் போதும்.