உங்கள் தங்கை கொண்டுவந்த சீனித்தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். சந்தோஷப்படுவது இருக்கட்டும், முதலில் உங்கள் தங்கையைப் பற்றிய முறைப்பாட்டைக் கேளுங்கள்.

பிள்ளை நாள் நிறையும் முன்பே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். மூச்சுக்கு ஒரு குழாய், பாலுக்கு ஒரு குழாய். வாயில் ஒரு சொட்டும் விடக் கூடாது, புரையேறினால் பிழைப்பது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உங்கள் மருமகள் சாந்தி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

இதை அத்தையிடம் நிதானமாக விளக்கினேன். பத்திரிகைக்காரனாக மந்திரிமாரையே மடக்கிக் கேள்வி கேட்டுப் பழகியவன் நான். அத்தையிடம் பலிக்கவில்லை.

“எல்லாம் சரிடா. சேனை வைக்காத புள்ள யாரு மாதிரி வளரும்?”

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம்தான் அதற்கு வரும் என்பதில் நம் தோட்டத்து லயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்குச் சேனை வைத்தவர் நீங்கள். ரப்பர் மரத்தையே அதட்டிப் பால் வெட்டிய மனிதர். என் பிடிவாதத்துக்கெல்லாம் தோட்டமே உங்களைத்தான் திட்டியது. பேரப்பிள்ளைக்கும் நானே வைப்பேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, மாசியில் கண்ணை மூடிவிட்டீர்கள். சொல்லாமலாவது போயிருக்கக் கூடாதா?

அத்தை என்ன செய்தார் தெரியுமா? சீனித்தண்ணீர் கரைத்து, விளக்கேற்றி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து, அதைக் கண்மருந்துக் குப்பியில் ஊற்றிக்கொண்டு யட்டியாந்தோட்டையில் பஸ் ஏறியிருக்கிறார். வழியில் பஸ்ஸை மறித்துப் பையைக் கிளறிய ஆமிக்காரனிடம், கண்ணுக்கு விடுகிற மருந்து என்று நல்ல சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அவனும் விட்டுவிட்டான்.

பார்வை நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அன்று எனக்குப் பதிலாக அத்தை போனார். விரலை நனைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் நீட்டியபோது, சாந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“விடுடி! அண்ணன் கையால வச்ச மாதிரிதான்.”

“கைய எடுங்க சித்தி. இல்லாட்டி கத்திருவேன்.”

அவள் கத்தத் தேவையிருக்கவில்லை. நர்ஸ் மிஸ்ஸி வந்து குப்பியைப் பறித்து, அத்தையை வெளியே அனுப்பினார். அன்று முதல் சொந்தக்காரர் யாருக்கும் அனுமதி இல்லை. பெற்ற தகப்பனும் அதில் அடக்கம். கதவுக் கண்ணாடி வழியாகத்தான் மகளைப் பார்க்கிறேன். இது நியாயமா?

இன்று காலை அதே மிஸ்ஸி கதவடிக்கு வந்தார். மூச்சுக் குழாயை டொக்டர் எடுத்துவிட்டாராம். பிள்ளை தானாகவே மூச்சு விடுகிறாளாம். “பால் குழாயை மட்டும் உங்கள் மகளே பிடுங்கிவிட்டாள், மறுபடியும். இப்படியொரு முரண்டை நான் பார்த்ததில்லை” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“பாத்தியா! படத்துக்கு முன்னால வச்சதே புடிச்சிருச்சு.”



வீட்டுக்கு வந்ததும் அவளை முதலில் உங்கள் படத்தடிக்குத்தான் கொண்டுவருவேன். அதுவரை சீனிப் போத்தலைப் பூட்டி வைக்கிறேன். நீங்களும் தங்கையின் கனவில் போய் எதையும் தூண்டிவிடாதீர்கள்.

உங்கள் சேனையின் பலனை இன்னும் அனுபவிக்கும்
மூத்த மகன்