ஆஸ்பத்திரித் துணியைத் தைக்கிறது யார்

786

மேலப்பாளையம்
3-10-96

சவூதி தம்மாமில் இருக்கும் மகன் ஹபீப் முகம்மதுக்கு உம்மா பாத்து சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லா கிருபையில் நானும் உன் தங்கச்சி மீராளும் அவ பிள்ளைகளும் சொகமா இருக்கோம், என் முழங்கால் ஒண்ணுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. உன் உடம்பு, சாப்பாடு, தூக்கம் எப்படின்னு ஒளிக்காம எழுது. வழக்கமா நான் சொல்லச் சொல்ல மீராள்தான் எழுதுவா, இதை அவளுக்குத் தெரியாம நானே எழுதுதேன். மூணாங்கிளாஸ் எழுத்து, பையப் படி.

உன் கடுதாசி கிடைச்சுது. பள்ளிக்கூடத்து யூனிபாரம் தைச்சு முடிஞ்சா வருசம் பூரா மிசின் சும்மாதானே கிடக்கு, சுல்தான் சாச்சா ஆறு மிசினையும் எடுத்துக்கிடுதேன்னு பெரிய மனசோட எழுதியிருக்காரு, கொடுத்துட்டு மீராளை வீட்டுல இருக்கச் சொல்லுன்னு எழுதியிருந்தே. அவ மாப்பிள்ளை மௌத்தாகி ஒத்தையில நின்ன பிறகு அவளைத் தலை நிமிர்த்தி வச்சிருக்கதே அந்த மிசின்தான் மக்கா. உன் கடுதாசியைப் படிச்சுட்டு அவ அன்னைக்குப் பொழுது பூரா மிசினைத் துடைச்சுக்கிட்டே இருந்தா. உங்க வாப்பா கூடப் பிறந்த சாச்சா மனசு எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியும். மீராள் கல்யாணத்துக்கு வேன் தாரேன்னு சொல்லிட்டு அன்னைக்குன்னு பார்த்து அதை வெங்காயம் ஏத்த அனுப்பினவரு. மாப்பிள்ளை வீட்டார் மழையில நனைஞ்சு வந்து இறங்கினது அவருக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கலை. போன லீவுக்கு வந்தவன் முதல் சாப்பாட்டை அவரு வீட்டுல போய்ச் சாப்பிட்டதும் எனக்கு மறக்கலை.

சரி, சங்கதிக்கு வாரேன். முழங்காலைக் காட்டப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்லா, அங்கன படுக்கச் சொன்னாங்க. விரிப்பு ஓரத்தைப் பார்த்தா பாதித் தையல் பிரிஞ்சு தொங்குது. இத்தனை கட்டிலுக்கு யார் தைச்சுக் குடுக்கான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முத்துராணின்னு ஒரு நர்சு, பாட்டி உனக்கு முழங்கால்ல வலியா விரிப்புல வலியான்னு வஞ்சா. வஞ்சாலும் விவரம் சொன்னா. எல்லாம் காண்ட்ராக்டாம், டெண்டர் விடுவாகளாம், அது பேப்பர்ல வருமாம். அன்னையிலிருந்து மீராளைப் பெருமாள்ராஜ் டீக்கடையில தினமும் பேப்பர் வாங்கி வரச் சொன்னேன். ரோடு போட டெண்டர், பாலத்துக்கு டெண்டர், மரம் வெட்ட டெண்டர், எல்லாம் வருது, துணி தைக்கதை மட்டும் காணோம். சர்க்காரு என்னென்ன வாங்குதுன்னு கேட்டா நீ சிரிப்பே, வாசல் கூட்டுத வாரியல் கூட டெண்டர்லதான் வாங்குதாக.

ஒருநாள் காலையில கடையில பேப்பரே இல்லை. பெருமாளைக் கேட்டேன். விடியுமுன்னே சுல்தான் அண்ணாச்சி வேன்காரன் வந்து வாழைத்தாரு பொதியணும்னு கட்டோட வாங்கிட்டுப் போயிட்டான் பாத்தும்மான்னு சொன்னான். எனக்கு மனசு கேக்கலை. பழைய பேப்பர் எடைக்குக் கிடைக்கும்போது அன்னைக்கு வந்த பேப்பர்ல யார்லே வாழைத்தாரைப் பொதிவா? யோசிச்சுப் பார்த்தா போன வருசமும் இதே ஆடியில ஒருநாள் வடை வச்சுத் தரப் பேப்பர் இல்லைன்னு அவன் என்கிட்ட இலையைக் கிழிச்சுத் தந்தான்.

அன்னைக்கு மாமி மகளைப் பார்க்க முக்கூடல் போக வேண்டியிருந்துச்சு. பஸ்ஸை விட்டு இறங்குனதும் முதல் வேலையா எதிர்த்தாப்புல இருந்த சலூன் வாசல்ல போய் நின்னேன். சங்கிலிபூதத்தான்னு அந்தக் கடைக்காரர் பேப்பரைத் தரமாட்டேன், பொழுதடையற வரைக்கும் ஆள் வந்து படிக்கும்னுட்டாரு. அப்போ நீரே டெண்டரை எல்லாம் படிச்சுச் சொல்லும்னு கேட்டேன். ஒருத்தன் பாதி மோவாயில சோப்போட உக்காந்திருக்கான், இவரு கத்தியை வச்சுட்டுப் படிக்காரு. ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேசனுக்குப் பச்சைத்துணி, பதிவு பண்ணின சிறுதொழிலுக்கு முன்பணம் கட்ட வேண்டாம், டெண்டர் பாரமும் காசில்லாமலேன்னு வாசிச்சாரு. சோப்புக்காரன், ஏம்மா ஆஸ்பத்திரியையே வாங்கப் போறியான்னு கேட்டான். உன் மிச்ச மோவாயையும் டெண்டர்ல விடச் சொல்லவான்னு கேட்டுட்டு வந்தேன்.

மறுநாளே நானும் மீராளும் சர்க்கார் தொழில் மையத்துக்குப் போனோம். சுகிர்தான்னு ஒரு அம்மா உக்கார வச்சுப் பேசினா. பதிவு எப்படிப் பண்ணணும், சாம்பிள் எப்படி வைக்கணும், பொம்பளை நடத்துத தொழிலுக்கு என்ன, சிறுபான்மைக்காரருக்கு என்ன கடன்னு எல்லாம் சொன்னா. இதெல்லாம் இருக்குன்னு கேட்டு வாரதுக்குத்தான் ஆள் இல்லைன்னு சொன்னா. எப்படிம்மா வருவாக, பேப்பர்தான் வாழைத்தாருக்குப் போயிருதேன்னு நான் சொன்னது அவளுக்குப் புரியலை.

அவ சொன்னபடி பதிவு பண்ணி, நாங்களும் விலை எழுதிக் கவர் போட்டோம். டெண்டர் கவர் பிரிக்குத அன்னைக்கு உங்க சாச்சா முன்வரிசையில உக்காந்திருந்தாரு. மதினிக்கு இங்கன என்ன சோலின்னு கேட்டாரு. துணி எப்படி விக்கிதுன்னு பார்க்க வந்தேன்னு சொன்னேன். மொத்தம் நாலு கவர். ஒண்ணு அவரது, ஒண்ணு மருமகன் பேருல, ஒண்ணு அவரு வேன்காரன் பேருல, மூணும் ஒரே கைதான். நாலாவதைப் பிரிச்சு மீராள் பேரை வாசிச்சதும் மனுசன் திரும்பியே பார்க்கலை. வெளியே வந்துதான், என்கிட்டக் கேட்டிருந்தா நானே கொஞ்சம் வேலை குடுத்திருப்பேனே மதினின்னாரு. பேப்பரைக் குடுத்திருந்தாலே போதும்னேன்.

நேத்து ஆர்டர் வந்துட்டு. விரிப்பு அவருக்குத்தான், அவ்வளவு தைக்க நமக்கு மிசின் பத்தாதாம். தலையணை உறையும் பச்சைத்துணியும் மீராளுக்கு. காலையிலிருந்து ஆறு மிசினும் ஓடுது, சத்தத்துல இந்தக் கடுதாசியே நடுங்குது.

அதனால மக்கா, மிசினைக் கொடுக்கலைன்னு சாச்சாவுக்கு நீதான் உன் கையால எழுதணும். நான் சொன்னா பழைய கோவத்துல சொல்லுதேன்னு சொல்லுவாரு, அது பொய்யுமில்லை. மூத்தவர், மரியாதையா எழுது. ஆனா அப்புறம் பார்ப்போம்னு எழுதி வாசலைத் திறந்து வைக்காதே. மீராளுக்குத் தனியா ரெண்டு வரி எழுது. அண்ணன் இப்படி எழுதிட்டானேன்னு அவ ஒரு சொல் சொல்லலை, அதுதான் என்னை அறுக்குது.

அல்லா உனக்கு நீண்ட ஆயுசும் நிறைஞ்ச பரக்கத்தும் தரட்டும். தொழுகையை விடாதே, வெயில்ல தலையை மூடு. ஒண்ணு மறக்காதே. உங்க கம்பெனியில எல்லாருக்கும் ஒரே நிறத்துச் சட்டை தாராகன்னு சொன்னேலா, அதுல காலருக்கு உள்பக்கம் யார் பேரு போட்டிருக்குன்னு பார்த்து எழுது. அத்தனை பேருக்கும் யாரோ தைச்சுத்தானே குடுக்காக.

இப்படிக்கு
உன் உம்மா
பாத்து