எதிர்த்தரப்புக்கு எட்டு நிமிடம்

பாரிஸ், 11 ஜனவரி 2016

அன்புள்ள தனோஜனுக்கு,

இல்லை, யாரும் சிரிக்கவில்லை. அங்கிதான் நீளம். சட்டத்தரணிப் பயிற்சிப் பள்ளியில் எல்லாம் இரவல் அங்கிகள். ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நேற்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் அம்மா, "மருமோன் சாப்பிட்டாரோ எண்டு கேள்" என்று வந்துவிட்டா. தொலைபேசியில் நாம் சாப்பாட்டைத் தாண்டுவதில்லை. அதனால் கடிதம்.

இங்கே வழக்காடப் பழக்குகிறார்கள். எட்டு நிமிடம். கையில் தாள் கூடாது. எந்தத் தரப்பு என்பது சீட்டுக் குலுக்கலில். நீதிபதியின் இடத்தில் பயிற்றுநர் இசபெல்.

அடுத்த வழக்கு: பாரிசில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் தன் கணவனை அவனுடைய நாட்டிலிருந்து அழைக்கிறாள். குடிவரவு அலுவலகம் மறுக்கிறது. எனக்கு விழுந்தது அலுவலகத்தின் பக்கம்.

மாற்றித் தரும்படி கேட்கவில்லை. கலியாணம் முடிந்து நாம் ஒன்றாக இருந்தது பதினெட்டு நாள் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. மார்ச் இருபத்துநான்கு கொழும்பில் உங்கள் விசா நேர்முகம். அதற்கு முன் எதிராளி எப்படி யோசிப்பான் என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் நிஜ நீதிமன்றத்தில் நிற்கிறவர். ஒரு வாதம் தாருங்கள்.

மிருணா

*

யாழ்ப்பாணம், 28 ஜனவரி 2016

அன்பின் மிருணா,

வருமானம் போதாது, வீடு சின்னது என்று தொடங்க வேண்டாம். அவை அடுத்த மாதமே மாறிவிடும். ஒன்றை மட்டும் சொல்லும்: அவர்கள் சேர்ந்து வாழ்வதை யாரும் தடுக்கவில்லை. கணவனுடைய நாட்டில் வாழலாம். அவள் போகலாம்.

இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

போன கிழமை என் சீனியர் தவரத்தினம் ஐயாவுக்குக் காய்ச்சல். "நீர் போம் தம்பி, வாய் இருக்குத்தானே" என்று சாவகச்சேரிக்கு அனுப்பினார். தனியாக நின்ற முதல் வழக்கு. ஒரு மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிளைப் பொலிஸ் பிடித்து வைத்திருந்தது. அரை மணித்தியாலம் பேசினேன். நீதவான் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். என் குரலை அன்றைக்குத்தான் நானும் கேட்டேன்.

பிரெஞ்சு நான்காம் பாடத்தில் நிற்கிறது.

தனோஜன்

*

பாரிஸ், 22 பெப்ரவரி 2016

அன்புள்ள தனோஜனுக்கு,

உங்கள் வாதத்தையே வைத்தேன். ஆறு நிமிடம் நன்றாகப் போனது. ஏழாவதில் இசபெல் மறித்தார்: "அப்படியானால் அவள் ஏன் இன்னும் போகவில்லை?"

பதில் தயாராக இருந்தது. போக முடியாமல் அல்ல, விரும்பாமல். அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் என் வாயில் வந்தது வேறு: "அவளுடைய தொழில் பேச்சு. அந்த நாட்டில் அவள் வாயில்லாதவள்."

வகுப்பே சிரித்தது. "தன் கட்சிக்காரரைத் தானே தோற்கடித்த சட்டத்தரணியை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார் இசபெல். நானும் சிரித்தேன்.

வரும் வழியில், தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவில், லோறன்ஸ் அண்ணை மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். மன்னாரில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்தவர்.

"உம்மட அவர் எப்ப வாறார்? இஞ்சை ஆள் தேவைப்படுது."

பகிடிக்குத்தான் கேட்டார். நான் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.

மிருணா

*

யாழ்ப்பாணம், 8 மார்ச் 2016

அன்பின் மிருணா,

எனக்கு முதுகு பலமில்லை என்று லோறன்ஸ் அண்ணையிடம் சொல்லும்.

நேர்முகத்துக்குப் போவேன். நீர் எடுத்துத் தந்த நேரம். வெள்ளைச் சட்டை தோய்த்து வைத்திருக்கிறேன். நீர் கேட்டாலும் வருவேன், கேட்காவிட்டாலும் வருவேன். அங்கே வந்தால் நான் உம்முடைய கட்சிக்காரன். எனக்காக நீர்தான் எல்லா இடத்திலும் பேச வேண்டும். பழகிவிடலாம்.

உம்மை இங்கே வரச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் நீர் வந்துவிடுவீர்.

தனோஜன்

*

பாரிஸ், 21 மார்ச் 2016

அன்புள்ள தனோஜனுக்கு,

உங்கள் கடிதத்தை மெத்ரோவில் வாசித்தேன். இறங்க வேண்டிய லா ஷப்பல் தாண்டி இரண்டு நிலையம் போன பிறகுதான் நிமிர்ந்தேன்.

வழக்காடி முடித்து உட்காரும்போது பக்கத்து நாற்காலியில் உங்களை இருத்திப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும். முழங்கை என் முழங்கையில் படும். கழுத்தடியில் அந்தச் சவர்க்கார வாசம். ஆனால் அந்த நாற்காலியில் நீங்கள் எப்போதும் வாய் மூடியே இருக்கிறீர்கள். எவ்வளவு முயன்றும் உங்களைப் பேச வைக்க முடியவில்லை.

சாவகச்சேரியில் பேசிய அந்த அரை மணித்தியாலத்தை ஒரு தரமாவது நீதிமன்றப் பின் வாங்கில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

நானும் உங்களை இங்கே கூப்பிட மாட்டேன். இன்று காலை கொழும்புத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, இருபத்துநான்காம் திகதி நேரத்தை ரத்துச் செய்தேன். இந்தக் கடிதம் உங்களிடம் வர இரண்டு கிழமை ஆகும். அதனால், பேருந்து ஏற வேண்டாம் என்று குறுஞ்செய்தியும் அனுப்பினேன். பிறகு வகுப்புக்குப் போனேன்.

மிருணாளினி