மலரின் படிப்பும் மாப்பிள்ளையின் தாத்தாவும்

ஆவணி, வெள்ளி இரவு

என் தங்கை மகள் மலர் வெளிநாடு போய்ப் படிப்பாள் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். யூதர்களின் பழைய வேதத்தை அராமிய மொழியில் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. இன்று சாலவாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போனால், அவள் அப்பா முறுக்கிக்கொண்டார்.

"யாரும் பேசாத பாஷைய படிச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

மலர் பொறுமையாகச் சொன்னாள். "ஒருத்தர் எபிரேயத்துல வேதம் படிப்பாரு. ஜனங்களுக்குப் புரியாது. பக்கத்துல நிக்கிறவரு அத அராமியத்துல, வெளக்கமும் சேத்துச் சொல்லுவாருப்பா."

நான் விடுவேனா? "மாப்ள, நம்ம திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் படிக்கிறப்போ இதானே நடக்குது? ஒருத்தர் பாட்டு படிக்க, ஒருத்தர் அர்த்தம் சொல்றாரு. உங்க தாத்தா அர்த்தம் சொன்னா மானாம்பதியே வண்டி கட்டிக்கினு வரும். அந்த ரத்தம்தான் இவளுக்கு."

மாப்பிள்ளை வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அவர பாத்ததே இல்ல மச்சான்," என்றார். பிறகு, "சரி, போய்ட்டு வரட்டும்."

எங்கள் குடும்பத்தில் முதலில் விமானம் ஏறப்போவது மலர். ஏற்றிவிட்டது நான். திரும்பும்போது பஸ் கண்டக்டரிடமும் சொன்னேன்.

தாத்தா அர்த்தம் சொன்னவர் என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. பாரதம் தொடங்கியதுமே கூட்டத்தில் படுத்துத் தூங்கிவிடுவார் என்றுதான் கேள்வி.