மாமியைத் திருப்பி அனுப்பாதே

வெள்ளவத்தை,
21.09.1996

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் எழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மருமகன் சிவபாலனும் என் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையில் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்துதான் பேனையை எடுத்தேன். குறை இருக்கிறதென்று தெரிந்துகொண்டேதான் கும்பிட்டேன், வேறு என்ன செய்வது. போன ஞாயிறு நீ கொமினிகேசன் கடைக்குப் போன் எடுத்து அழுதது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடியால் எனக்கு அரைவாசிதான் கேட்டது, ஆனால் கேட்ட அரைவாசியே போதும். பால் குடித்த கையோடு தம்பி கக்குகிறான், உன் சட்டை, கட்டில், தலையணை எல்லாம் பால் மணம், ஒரு நாள் மூக்காலும் வந்துவிட்டது, அன்றிலிருந்து அவனைக் கீழே படுக்க வளர்த்தப் பயந்து கதிரையில் மடியில் வைத்தபடியே இரவிரவாக இருக்கிறாய், மருமகனுக்கு பக்டரியில் இரவு வேலை, கண் அசந்தால் பிள்ளை கையை விட்டு நழுவிவிடுமோ என்று உன்னை நீயே கிள்ளிக்கொண்டு இருக்கிறாய் என்றெல்லாம் சொன்னாயாம். அதற்கு அம்மா சொன்ன புத்தி, வயிறு காலியாகிப் போயிருக்கும், கக்கினவுடனே திரும்பவும் பால் கொடு என்பது. பின்னால் வரிசையில் நின்ற சனமெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். எங்களை நம்பி நீயும் அப்படியே செய்திருப்பாய்.

எனக்கு மனம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பொரளைக்குப் போய் டொக்டர் இராஜநாயகத்தைக் கண்டேன், உன் சித்தப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், குழந்தைப்பிள்ளை வைத்தியம் பார்க்கிறவர். போகிற வழியில் செக்பொயின்ரில் பஸ்ஸை மறித்து இறக்கிவிட்டார்கள். பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினேன், எங்கே போகிறாய் என்று ஒரு ஆமிக்காரப் பொடியன் கேட்டான், பபாவுக்கு மருந்து கேட்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பபா கோ, பிள்ளை எங்கே என்றான். பபா கெனடாவே, கனடாவில் என்றேன். அவன் சிரித்துவிட்டான் பிள்ளை, தன் சினேகிதனையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான், போ போ என்று விட்டுவிட்டான். அவனுக்கும் வீட்டில் ஒன்று இருக்குமாக்கும்.

டொக்டர் முதல் கேட்டது பிள்ளைக்கு நிறை ஏறுகிறதா என்று. ஏறுகிறது, கிளினிக்கில் நேர்ஸ் சந்தோசப்பட்டாவாம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். மூத்திரம் வழமைபோலப் போனால், கக்கினபிறகும் சிரித்து விளையாடினால், யோசிக்க ஒன்றுமில்லையாம். இரைப்பையின் வாய் இந்த வயதில் இறுகியிராது, அதனால் மேலே வரும், எழும்பி இருந்து தவழ்ந்து திரிகிற காலத்தில் தானாக நின்றுவிடும் என்கிறார். ஒரே மூச்சில் நிறையக் கொடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கட்டாம், நடுவிலும் நிறுத்தி, குடித்த காற்று வெளியே வர ஏவறை எடுக்கப் பண்ணட்டாம். குடித்து முடிந்ததும் அரை மணித்தியாலம் தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகைத் தடவவேண்டும், அந்த நேரத்தில் ஆட்டக் குலுக்கக் கூடாது, நப்பியை வயிற்றில் இறுக்கிக் கட்டவும் கூடாது. நித்திரைக்கு மல்லாக்கத்தான் வளர்த்தவேண்டும், தலையணை வேண்டாம், கக்குகிற பிள்ளைக்கும் அதுதான் நல்லதாம். பிள்ளையை வைத்துக்கொண்டு கதிரையில் நித்திரை தூங்குவதுதான் பயமாம், நித்திரை வந்தால் அவனைத் தொட்டிலில் வளர்த்திவிடு. பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வந்தாலும், ஒவ்வொரு முறையும் பீச்சியடித்ததுபோலத் தூரத்துக்குப் போய் விழுந்தாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் ஒருவரையும் கேளாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு. அம்மா சொன்ன புத்தியையும் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். நிரம்பின குடத்துக்குள் இன்னும் ஊற்றினால் வழியாமல் என்ன செய்யும் என்று கேட்டார். கக்கினால் பேசாமல் துடைத்துவிட்டு, அவன் பசித்துக் கேட்கும்போது கொடு.

எல்லாம் சொல்லி முடித்து நான் எழும்பினபிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை அண்ணை, தாயைத்தான் நித்திரை கொள்ள விடவேணும். துணைக்கு ஆர் நிக்கினம்?" ஒருவரும் இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. துணைக்கு வந்த மனிசியை நாங்கள்தானே திருப்பி அனுப்பினோம். உன் மாமி அன்னபாக்கியம் மொன்றியலில் மூத்த மகன் வீட்டிலிருந்து, பிள்ளை பெற்றவளின் பத்தியத்துக்கென்று பால்சுறாவும் சரக்குத்தூளும் கட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் ரொறன்ரோவுக்கு உன்னிடம் வந்து இறங்கினா. முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டுக்காரர் பார்க்கிறது, சம்பந்தி கையால் பார்த்தால் நாளைக்கு எங்களால் ஏலாமல் போச்சென்று கதை வரும், வீசா இந்தா வருகுது, நான் வந்து பார்ப்பேன் என்று அம்மா இங்கே ஒரே பிடி. நீயும் அம்மாவின் சொல்லைத் தட்டாமல், அம்மா வாறா மாமி, நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள் என்று மெல்லமாகச் சொல்லி அனுப்பிவிட்டாய். அந்த மனிசி சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனதாக நீதான் சொன்னாய். யாழ்ப்பாணத்தில் வீடு வளவை விட்டுவிட்டு இங்கே ஒரு அறைக்குள் வாடகைக்கு இருந்துகொண்டு தாய் வீடு தாய் வீடென்று என்ன கதை என்று எனக்கு அன்றைக்கே நாக்கு நுனி வரை வந்தது. வீட்டில் சண்டை வேண்டாமென்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ இத்தனை நாள் நித்திரையில்லாமல் கிடந்திருக்கமாட்டாய். அது என் பிழை, அம்மாவை மட்டும் குற்றம் சொல்லாதே.

வியாழக்கிழமை வீசாவுக்கு மூன்றாம் தரமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போனால் திரும்பி வரமாட்டீர்கள் என்பதுதான் முடிவாம். அம்மா வீட்டுக்கு வந்ததும் உனக்கென்று கட்டிவைத்த பெட்டியை அவிழ்த்துச் சாமான்களை வெளியே எடுத்து வைத்தா. பேரனின் வாய் துடைக்கவென்று என் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்திருந்தா, எனக்கு இப்போது கட்ட இரண்டுதான் மிச்சம் என்பது வேறு கதை.

பக்கத்து அறையில் பிறிஜெற் என்ற பிள்ளை இருக்கிறாள், புருசன் பற்றிக் என்ற பொடியனுக்குத் துறைமுகத்தில் வேலை, கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கி எரிந்தபிறகு இங்கே வந்தவர்கள். அவளுக்கும் கைக்குழந்தை, அதுவும் கக்குகிற பிள்ளைதான். அவளின் தாய் மன்னாரில், சண்டையால் பாதை இல்லை, வரமுடியாது. பற்றிக்கின் தாய் யோசெப்பின் கொட்டாஞ்சேனையிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வந்து பிள்ளையைத் தோளில் போட்டபடி விறாந்தையில் நடப்பா, உள்ளே பிறிஜெற் குறட்டை விட்டு நித்திரை கொள்ளுவாள். நேற்றுக் காலை அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றா. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் கூப்பிட்டதற்குத் திரும்பாமலே சொன்னா, "அவளுக்கும் தாய் வரேலாதுதான். ஆனா அவள் படுக்கிறாள். என்ரை பிள்ளை படுக்கேல்லை." பிறகு என்னிடம் சம்பந்தியின் போன் நம்பரைக் கேட்டா.

நேற்றுப் பின்னேரம் கொமினிகேசனில் போய் மொன்றியலுக்கு எடுத்தோம். என்ன சொல்லவேண்டும் என்று போகிற வழியெல்லாம் அம்மா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தா, வீசா, டொக்டர் சொன்னது, முறை தலை என்று நீளமாக ஏதோ வைத்திருந்தா. மற்றப் பக்கம் குரல் கேட்டதும் எல்லாம் மறந்துபோச்சு. "சம்பந்தி, என்ரை பிள்ளையை ஒருக்கா போய்ப் பாருங்கோ" என்றது மட்டும்தான் வந்தது. இண்டைக்கு இரவு பஸ்ஸிலையே வெளிக்கிடுறன், நீங்கள் யோசிக்காதேங்கோ என்று மாமி சொன்னாவாம். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு எனக்கு முன்னால் விறுவிறென்று கடற்கரைப் பக்கமாக நடந்தா. நான் பின்னாலேயே போனேன்.

அருள்நாயகி ரீச்சர் செவ்வாய் இரவு ரொறன்ரோவுக்கு வருகிறா, அவவின் கையில் இந்தக் கடிதத்தையும் வேட்டித் துண்டுகளையும் கொடுத்து விடுகிறேன். இது உனக்குக் கிடைக்கும்போது மாமி உன் வீட்டில் இருப்பா. திரும்பவும் ஏதும் சொல்லி அனுப்பிவிடாதே மகள். பிள்ளையை அவவின் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படு. பக்குவம் அவவுக்கும் தெரியும், நான்கு பிள்ளை வளர்த்தவ. உப்புப் புளி கூடினால் கூடினபடி சாப்பிடு, குறை சொல்லாதே. மருமகனையும் தாயோடு முகம் கொடுத்துக் கதைக்கச் சொல்லு. வயிறாறச் சாப்பிட்டு, கண் நிறைய நித்திரை கொண்டு, மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் நெடுங்காலம் சுகமாக இருக்க என் ஆசீர்வாதம், அம்மாவின் ஆசீர்வாதமும் கூடவே.

ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்தபிறகு வருகிற ஞாயிறு நீ எடுக்கும்போது, தம்பி ஆரிடம் கிடக்கிறான் என்று அம்மா கட்டாயம் கேட்பா. அவ மனம் நோகுமென்று மழுப்பாதே. மாமியின் தோளில் நல்ல நித்திரை என்று உள்ளதைச் சொல்லு. அம்மா அழுவா. அழட்டும், நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
வே. இரத்தினசிங்கம்