ஊருணிக்கு வெள்ளி விழா

1935 மே 7, செவ்வாய்

நேற்று இங்கிலாந்து ராஜாவுக்கு வெள்ளி விழா. பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷமாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாயும் கொடியும் கொடுத்தார்கள். சாப்பிடும்போது பேரன் சிதம்பரம், நம் ஊருணிக்கும் இந்த வருஷம் இருபத்தைந்து ஆகிறது, நாமும் கொண்டாட வேண்டும் என்றான். பி.ஏ. படித்த பிள்ளை, வாத்தியார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருணிப் படிக்கட்டு அவன் தாத்தா வைத்தது அல்லவா? இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

கமிட்டி போட்டாயிற்று, சிதம்பரம்தான் காரியதரிசி. ஊருணி திறந்த தேதி செப்டம்பர் 14 என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அதே தேதியில் விழா. நோட்டீசு அச்சாகி வந்துவிட்டது. ஊருணி வெட்டிவைத்த பெரிய வீட்டுச் செட்டியார் பெயர் கொட்டை எழுத்தில். வரப்போகிற ஜில்லா அதிகாரி பெயர் அதைவிடக் கொட்டையாக. நாகசுரக்காரர் பெயர் இருக்கிறது. பந்தல்காரன் பெயர்கூட இருக்கிறது. பூமிநாதன் என்ற பெயரைக் காணோம்.

"தாத்தா பேரு எங்கடா?" என்றேன்.

"இது தர்மம் செஞ்சவுகளுக்கான விழா அப்பத்தா. வேலை செஞ்சவுக பேரெல்லாம் போட்டா எடம் பத்தாது."

பந்தல்காரனுக்கு இடம் பத்தியிருக்கிறது.

ஜூலை 22

இன்னும் ஆறவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு இதற்காவது உதவட்டும், எழுதி வைக்கிறேன்.

வால் நட்சத்திரம் வந்த வருஷம், வைகாசி மாதம். கல் தச்சர் பூமிநாதன், என் வீட்டுக்காரர், ஊருணியின் கடைசிப் படியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தது. கல் அவர் இடுப்பில் விழுந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள், மூன்றாம் நாள் போய்விட்டார். வால் நட்சத்திரம் கொண்டுபோய்விட்டது என்று ஊரே சொன்னது. நைந்த கயிறு என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஆவணியில் தண்ணீர் வந்து, மேளம் கொட்டித் திறந்தார்கள். அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

வருஷா வருஷம் அவர் திதிக்கு அந்தப் படியில் உட்கார்ந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவேன். எனக்கு அதுதான் விழா.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இதை எழுதாமல் விட மாட்டேன்.

சிதம்பரம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சுமங்கலிகள் பூரண கும்பம் எடுத்து வருவார்களாம், அதிகாரி வருவாராம். எதுக்கு இதையெல்லாம் என்னிடம் சொல்கிறான் என்று பார்த்தால்—

"கோவிச்சுக்கிறாதீக அப்பத்தா. அன்னைக்கு ஊர்வலம் போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க வெளிய வராம இருந்தா நல்லது. கமிட்டியில சொல்றாக."

"கமிட்டியில சொல்றாகளா, நீ சொல்றியா?"

மறுபடியும் தலையைச் சொறிந்தான். காரியதரிசி.

என் வெள்ளைச் சேலை எதிரே வந்தால் ஊருணிக்கு ஆகாதாம். இந்தச் சேலையை எனக்குக் கொடுத்ததே அந்த ஊருணிதானே! காது கம்மலை விற்று இவனை மதுரைக்குப் படிக்க அனுப்பினேனே, என்னத்தைப் படித்தான்? நான் அபசகுனம் என்று படித்தானா?

ஆகஸ்ட் 26

அவனோடு பேச்சு இல்லை. சோறு மட்டும் போட்டேன். நெய் விடவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

பெரிய வீட்டுக்குப் போனேன். சொர்ணவல்லி ஆச்சியை நாலு கேள்வி கேட்காமல் திரும்பக் கூடாது என்றுதான் போனேன். செட்டியார் போய் எட்டு வருஷம். ஆச்சிக்கும் வெள்ளைச் சேலைதான். அந்த வெள்ளை ஆகும், என் வெள்ளை ஆகாதோ?

வளவு முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஆச்சி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில்தான், "எம்மக்க எனக்கு மாடிச் சன்னல்ல நாற்காலி போட்டிருக்காக, வீரலட்சுமி. அங்குட்டு இருந்து எட்டிப் பாக்கணுமாம்," என்றார்.

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. செட்டியாருக்குச் செய்ய வேண்டும், மாளயம் என்றைக்குப் பிறக்கிறது பார் என்று பஞ்சாங்கத்தை நீட்டினார். பார்த்தேன். செப்டம்பர் 13, வெள்ளி.

மறுநாள் சனி, செப்டம்பர் 14.

முன்னோர் வந்து போகிற பதினைந்து நாளில் கல்யாணம் காட்சி எதுவும் வைக்க மாட்டோம். இங்கிலீஷ் தேதியையே பார்த்தவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இன்னும் கோபம் வந்தது. ஆச்சி சிரிக்கவில்லை.

"நம்மள உள்ள இருக்கச் சொன்ன நாளு செத்தவுகளோட நாளாவுல்ல போச்சு. இனிமே யாரு யார உள்ள இருக்கச் சொல்றதுன்னு பாப்போம்," என்றார்.

செப்டம்பர் 2

மாளயத்துச் சேதி பரவி ஊர் அமளிப்படுகிறது. மாளயத்தில் வாசிக்க மாட்டோம் என்று நாகசுரக்காரர் முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். கும்பம் எடுக்க ஒரு பெண்ணும் தயாரில்லை. அதிகாரிக்கோ வேறு தேதி கிடையாதாம். சிதம்பரம் மூன்று தரம் பெரிய வீட்டுக்கு ஓடினான்.

ஆச்சி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம். ஊருணியை உண்டாக்கிப் போனவர்களுக்கு முதலில் எள்ளும் தண்ணீரும், அதற்குப் பிறகுதான் அதிகாரியும் பேச்சும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, ஒரே படித்துறையில். மகன்கள் முகத்தைச் சுளித்தார்களாம். சுளிக்கட்டும்.

செப்டம்பர் 14, சனி

விடிந்ததும் ஆச்சி வில்வண்டி அனுப்பினார். ஏறவில்லை. என் ஊருணிக்கு நான் நடந்து போவேன். போனேன், ஊர் நடுத்தெரு வழியாக. எதிரே வந்தவர்கள் யாரும் ஒதுங்கவில்லை. ஒதுங்கினாலும் கவலையில்லை.

என் மகன், சிதம்பரத்தின் அப்பா முத்துராமன், நேற்றே மேலூரிலிருந்து வந்திருந்தான். அவனும் செட்டியாரின் மூத்த மகனும் ஒரே படியில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்தார்கள். ஐயர் கேட்க, என் மகன் தகப்பன் பெயரைச் சொன்னான். பூமிநாதன். மேளம் இல்லாததால் கரை முழுக்கக் கேட்டது. அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் இறங்கினார். நாங்கள் இருவரும் தண்ணீர் அள்ளிய பிறகுதான் விழா.

அப்புறம் யார் யாரோ பேசினார்கள். சிதம்பரம் பேச எழுந்தான். எழுதி வைத்திருந்ததைப் படிக்கத் தொடங்கி, நடுவில் நின்று, உட்கார்ந்துவிட்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது, கொஞ்சம். காட்டிக்கொள்ளவில்லை.

கல்லில் இன்னும் செட்டியார் பெயர் மட்டும்தான். கோபம் தீர்ந்ததா என்று கேட்டால், தீரவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் ஊருணிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிதம்பரம் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். குடம் எடுத்துப் பழக்கமில்லாத கை, தொடையில் இடித்துக்கொண்டே இறங்கினான்.

"தாத்தா வச்ச கடைசிப் படி எது அப்பத்தா?"

நான் உட்கார்ந்திருந்த படியிலேயே கொஞ்சம் நகர்ந்து கொடுத்தேன்.